அட்டாலிலேர்ந்து இறங்குன விண்கலம்

போன இதழ்ல ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது சும்மா நாலு வரி எழுதியிருந்தேன். சின்ன வயசுல சேலம் செவ்வாய்ப்பேட்டையில எங்க எதிர் வீட்டுல நீலமும் சாம்பலுமா ஒரு லெகோ விண்கலம், அதாவது ஒண்ணோட ஒண்ணு மாட்டிக் கட்டுற பிளாஸ்டிக் கட்டை பொம்மை, இருந்துச்சு, அதோட மஞ்சக் கண்ணாடியை கண்ணுல வச்சுப் பார்த்தா எங்க தெருவே வேற கிரகம் மாதிரி தெரியும்னு. அவ்வளவுதான் எழுதுனது. அதுக்கு இத்தனை கடிதமும் வாய்ஸ் மெசேஜும் வரும்னு நான் நினைக்கவே இல்லீங்க. அதுல பாதிப் பேரு "அக்கா, எங்க வீட்லயும் இருந்துச்சு"ன்னு ஆரம்பிச்சு, எழுத வந்த கேள்வியை மறந்துட்டு கதை மட்டும் சொல்லிட்டு முடிச்சிருக்காங்க. அதனால இந்த தடவை முழுக்க அந்த விண்கலம் தான். மாமியார் பிரச்சினை, வேலை பிரச்சினைன்னு கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 53 வயசு. எங்கப்பா ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல ரைட்டரா இருந்தார். 1981-ல சிங்கப்பூர் மாமா வந்தப்ப எனக்கு ஒரு பெரிய பெட்டி கொண்டு வந்தார், விண்கலம் கட்டுற லெகோ செட். போன மாசம் அப்பா வீட்டை காலி பண்ணும்போது அட்டாலில ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைச்சது. திறந்தா உள்ள அது தான். பெட்டியை கரையான் தின்னுடுச்சு, துண்டுகளோட என் தங்கச்சியோட பாசிமணி, கிரேயான் துண்டு, ஒரு பத்து பைசா எல்லாம் கலந்து கிடக்கு. ஆளுங்க நாலு பேருல சிவப்பு ரெண்டு, வெள்ளை ஒண்ணு தான் இருக்கு, எல்லாருக்கும் ஹெல்மெட் தாடைகிட்ட உடைஞ்சிருக்கு. வீட்டுக்காரம்மா "யாராவது குழந்தைங்களுக்கு கொடுத்துடுங்க"ங்கறாங்க, ஃப்ரெண்டு ஒருத்தன் "வித்தா நல்ல காசு வரும்"ங்கறான். எனக்கு ரெண்டுக்கும் மனசு வரல. டின்னைத் திறந்துட்டு அரை மணி நேரம் தரையில அப்படியே உக்காந்துட்டேன் அக்கா. வெறும் பிளாஸ்டிக்குக்கு இப்படி ஆகுமா? என்ன பண்ணட்டும்?
– ஏற்காடு வாசகர்

பதில்: ஆகும் தம்பி, ஏன் ஆகாது. உங்க கடிதத்தை படிச்சுட்டு நானே கொஞ்ச நேரம் பேனாவை கீழ வச்சுட்டேன்.

முதல்ல உங்ககிட்ட இருக்கறது என்னன்னு சொல்லிடறேன். நீலத்துல பெரிய முக்கோண றெக்கை, மஞ்சக் கண்ணாடி, மூக்குல 'எல்எல் 928'னு எழுத்து இருந்தா அது 1979-ல வந்த கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர். அந்த 928 தான் செட்டோட நம்பரும், எல்எல்ங்கறது அப்போ லெகோக்காரங்க அந்த வரிசைக்கெல்லாம் வச்சிருந்த லெகோலேண்ட்ங்கற பேரு. அமெரிக்காவுல இதே செட்டு 497-ங்கற நம்பர்ல வித்தது, உங்க மாமா சிங்கப்பூர்ல வாங்குனதால 928-ஆத் தான் இருக்கணும். மொத்தம் 338 துண்டு. நாலு ஆளு, ரெண்டு சிவப்பு ரெண்டு வெள்ளை, அதனால உங்க கணக்கு சரி தான், தொலைஞ்சது ஒரே ஒரு வெள்ளை ஆளு. விண்கலத்தோட பின்கதவு ரெண்டு பக்கமும் விரியும், உள்ளேர்ந்து ஒரு குட்டி வண்டி வரும். அந்த வண்டி இருக்கான்னு முதல்ல பாருங்க, அது இருந்தா மனசுக்கு பாதி செட்டு இருக்கற மாதிரி.

இதை டிசைன் பண்ணவர் பேரு யென்ஸ் நூகார்ட் க்னுட்சன், டென்மார்க்குல பில்லுண்ட்ங்கற ஊர்ல லெகோ கம்பெனியில வேலை பார்த்தவர். கையும் காலும் அசையற அந்த குட்டி ஆளுங்க 1978-ல தான் வந்தாங்க, அதுவும் இவர் கைவேலை தான். 2020-ல இறந்துட்டார். இவர் பண்ணதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா அந்த ஆளுங்களோட முகம், ரெண்டு புள்ளி, ஒரு வளைஞ்ச கோடு, அவ்வளவுதான். ஆணா பொண்ணா, எந்த ஊரு, என்ன நிறம் ஒண்ணும் தெரியாது. செவ்வாய்ப்பேட்டையில பாவாடை கட்டிக்கிட்டு எதிர் வீட்டு திண்ணையில உக்காந்திருந்த எனக்கு அந்த சிவப்பு ஆளு நான் தான்னு நினைச்சுக்க ஒரு தடையும் இல்ல. அப்புறம் அந்த காலத்து செட்டுகள்ல எதிரின்னு யாருமே கிடையாதுங்க. போலீஸ், வில்லன் கூட்டமெல்லாம் எண்பதுகளோட கடைசியில தான் அந்த வரிசைக்குள்ள வந்தாங்க. நம்ம காலத்து ஆளுங்க போனாங்க, இறங்குனாங்க, வண்டி ஓட்டுனாங்க, ஆன்டெனா நட்டாங்க, திரும்பி வந்தாங்க. நாலு பேரு சேர்ந்து வேலை பார்த்தாங்க, சிரிச்ச முகமா.

ஹெல்மெட் உடைஞ்சதுக்கு நீங்க வருத்தப்படாதீங்க, அது உங்க தப்பு இல்ல. அந்த முதல் காலத்து ஹெல்மெட்ல தாடைக்கு கீழ வர்ற பட்டை ரொம்ப மெல்லிசு, போட்டு கழட்டி போட்டு கழட்டி உலகம் பூரா எல்லார் வீட்லயும் அதே இடத்துல தான் உடைஞ்சுது, பின்னாடி அவங்களே தடிமனா மாத்துனாங்க. நெஞ்சுல இருக்கற தங்க கிரக முத்திரையும் அழிஞ்சிருக்கும் பாருங்க, அது விரல் பட்டுப் பட்டு தேய்ஞ்சது. உங்க விரல், உங்க தங்கச்சி விரல். அதை வச்சு எந்த ஆளு உங்களுக்கு ரொம்ப பிடிச்ச ஆளுன்னு கூட இப்போ கண்டுபிடிச்சுடலாம்.

இப்போ என்ன பண்றதுன்னு கேட்டீங்க. விக்காதீங்க. குழந்தைங்களுக்கு கொடுக்கறதும் இப்போ வேண்டாம், முதல்ல நீங்க ஒரு தடவை கட்டுங்க. எங்கப்பா வெள்ளிக் கொலுசு பட்டறை வச்சிருந்தார், சலங்கை, கொக்கி, திருகுன்னு பொடிப் பொடியா நூறு சாமான் தட்டுல கிடக்கும், அதை பிரிச்சு வைக்கறது தான் ஸ்கூல் விட்டு வந்ததும் என் வேலை. அப்பா சொல்லிக் கொடுத்தது என்னன்னா நிறம் பார்த்து பிரிக்காத, வடிவம் பார்த்து பிரி, ஒரே நிறக் குவியல்ல சின்ன சாமானைத் தேடுறது கண்ணுக்கு கஷ்டம், ஒரே வடிவக் குவியல்ல நிறம் தானா கண்ணுல படும்னு. லெகோவுக்கும் அது அப்படியே சரி. பழைய வெள்ளை வேட்டி ஒண்ணை தரையில விரிங்க, டின்னை கவுத்துங்க, பாசிமணியை தங்கச்சிக்கு ஒரு கவர்ல போட்டு அனுப்பிடுங்க, அவங்களும் அழட்டும். நாலு தட்டு எடுத்துக்கோங்க: குமிழ் வச்ச கட்டை, தட்டையான பலகை, கண்ணாடி, மீதி எல்லாம். கட்டுற விளக்கப் புத்தகத்தை கரையான் தின்னிருந்தா பரவாயில்ல, இந்த பழைய புத்தகங்களை ஆர்வலருங்க பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, செட் நம்பர் போட்டு தேடுனா கிடைச்சுடும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. இப்போ வர்ற புத்தகத்துல ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் என்னென்ன துண்டு வேணும்னு ஒரு கட்டத்துல போட்டுக் காட்டுவான். 1979 புத்தகத்துல அதெல்லாம் கிடையாது. இந்தப் படத்துக்கும் முந்தின படத்துக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே உத்துப் பார்க்கணும், ஒரு பலகையை விட்டுட்டா பத்து ஸ்டெப்பு தாண்டி றெக்கை ஒட்டாது, மறுபடி பிரிக்கணும். எட்டு வயசுல நாம எப்படி பொறுமையா உக்காந்தோம்னு ஆச்சரியமா இருக்கும். உக்காந்தோம்ங்க. மழை பெய்ஞ்சா ஏற்காட்டுல வேற என்ன வேலை, கரண்ட் இருக்காது, மலை பூரா மூடுபனி, வாசல்ல காபிச் செடி கூட தெரியாது. நீங்க எழுதலைன்னாலும் அந்த வீட்டை என்னால பார்க்க முடியுது.

கட்டி முடிச்சதும் ஒரு வேலை செய்ங்க. ராத்திரி அதை எடுத்துக்கிட்டு உங்க மலை விளிம்புல இருக்கற லேடீஸ் சீட்டு வியூ பாயிண்டுக்கு போங்க. அங்கேர்ந்து கீழ சேலம் பூரா வெளிச்சப் புள்ளியா கிடக்கும் இல்ல, அந்த மஞ்சக் கண்ணாடி வழியா ஒரு தடவை பாருங்க. நான் காலேஜ் படிக்கும்போது முதல் தடவை ராத்திரியில அங்க நின்னப்ப, எதிர் வீட்டு விண்கலத்துக்குள்ள உக்காந்திருந்தா இப்படித்தான் தெரிஞ்சிருக்கும்னு தான் தோணுச்சு. காணாமப் போன வெள்ளை ஆளை அப்புறம் தேடிக்கலாம், பழைய துண்டுகளை தனித்தனியா விக்கறதுக்குன்னே ப்ரிக்லிங்க்னு ஒரு சந்தை இருக்கு. அவசரம் இல்ல. அந்த வீட்டை முழுசா காலி பண்ணிட்டீங்களா, அலமாரிக்கு பின்னாடி ஒரு தடவை கையை விட்டுப் பார்த்தீங்களா? எங்க எதிர் வீட்டு வெள்ளை ஆளு பதினோரு வருஷம் கழிச்சு ஆட்டுக்கல்லுக்கு அடியில கிடைச்சான்.

கேள்வி: பையனுக்கு இப்போ வாங்கிக் கொடுத்த லெகோவும் என் அண்ணனோட நாற்பது வருஷ பழைய லெகோவும் ஒண்ணோட ஒண்ணு பொருந்துமா? சேர்த்து வச்சா கெட்டுப் போயிடாதே?
– சூரமங்கலம் வாசகி

பதில்: பொருந்தும்மா, தாராளமா சேர்த்துக் கொடுங்க. மேல குமிழ், உள்ள குழாய்ங்கற இந்த அமைப்புக்கு 1958 ஜனவரி 28-ல பேட்டன்ட் போட்டாங்க, அன்னைக்கு வந்த கட்டையும் இன்னைக்கு வர்ற கட்டையும் கவ்விக்கும். குமிழுக்கு குமிழ் 8 மில்லிமீட்டர், கட்டை உயரம் 9.6 மில்லிமீட்டர், அதுல மூணுல ஒரு பங்கு தான் தட்டைப் பலகை. இதை அவங்க மாத்தவே இல்ல. எட்டு குமிழ் கட்டை ஆறே ஆறு, ஒரே நிறத்துல எடுத்துக்கிட்டா 91 கோடியே 51 லட்சம் விதத்துக்கு மேல அடுக்கலாம்னு கணக்கு போட்டிருக்காங்க. அண்ணன் கட்டையும் மருமகன் கட்டையும் சேர்ந்தா கேக்கவே வேண்டாம்.

ஒண்ணு மட்டும் கண்ணை உறுத்தும், சாம்பல் நிறம். 2004 வாக்குல லெகோ சாம்பலை கொஞ்சம் நீலம் கலந்த சாம்பலா மாத்திட்டாங்க, பழசு கொஞ்சம் மண்ணு சேர்ந்த சாம்பல். பக்கத்துல வச்சா தெரியும். எனக்கு பழசு தான் பிடிக்கும், மழை வர்றதுக்கு முன்னாடி சேர்வராயன் மலை இருக்கும் பாருங்க, அந்த நிறம்.

கேள்வி: சாம்பல், வெள்ளை துண்டெல்லாம் டீக்கறை பிடிச்ச மாதிரி பழுத்துப் போச்சு. ஹைட்ரஜன் பெராக்ஸைடுல ஊறப்போட்டு மொட்டை மாடி வெயில்ல வச்சா வெள்ளையாகும்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். செய்யலாமா?
– அஸ்தம்பட்டி வாசகி

பதில்: செய்யலாம், ஆனா எல்லா துண்டுக்கும் செய்யக் கூடாது. லெகோ 1963-லேர்ந்து ஏபிஎஸ்ங்கற பிளாஸ்டிக்குல வருது, அதுல ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கு, வெயிலோட புற ஊதாக் கதிர் பட்டா அது மாறி பழுப்பாகும். பெராக்ஸைடும் வெளிச்சமும் சேர்ந்து அந்த பழுப்பை வெளுக்க வைக்கும். மெடிக்கல்ல கிடைக்கிற லேசானதே போதும், கைக்கு கிளவுஸ் போட்டுக்கோங்க, குழந்தைங்க கையில படாத இடத்துல வைங்க. முத்திரை அச்சடிச்ச துண்டு, ஸ்டிக்கர் ஒட்டுனது, கண்ணாடித் துண்டு இது மூணையும் அதுல போடவே போடாதீங்க, அச்சு போனா போனது தான். வெளுத்தது திரும்ப பழுக்கவும் செய்யும், அதையும் தெரிஞ்சுக்கிட்டு செய்ங்க.

நம்ம ஊரு வெயில்ல தான் எனக்கு பயம். சித்திரை மாசம் சேலத்து மொட்டை மாடியில வெறுங்கால் வைக்க முடியுமா? லெகோவை கழுவவே 40 டிகிரிக்கு மேல சூடான தண்ணி வேண்டாம்னு தான் கம்பெனியே சொல்றாங்க. அதனால மார்கழி, தை மாசக் காலை வெயில்ல ரெண்டு மூணு மணி நேரம் வைங்க, தொட்டிக்கு அடியில சாக்கு போடுங்க, நடுவுல தொட்டுப் பாருங்க. காருக்குள்ள கண்ணாடிக்குப் பின்னாடி வச்சுட்டு போயிடாதீங்க, வளைஞ்சுடும். சாதாரண அழுக்குக்கு வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு ஷாம்பு, பழைய டூத் பிரஷ், முடிஞ்சுது. மஞ்சக் கண்ணாடியை பாத்திரத் தூள் போட்டு தேய்ச்சுட்டேன்னு போன வாரம் ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, கண்ணாடி பூரா கீறலாம், படிச்சு எனக்கு சோறு இறங்கல.

என்னைக் கேட்டா லேசா பழுத்தது அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: எங்க காலத்துல பம்பரம், கோலி, நுங்கு வண்டி தான். டென்மார்க்கு பொம்மை நூத்துல ஒரு வீட்டுல இருந்திருக்கும். வசதி இருந்தவங்க ஏக்கத்தை எல்லாரோட ஏக்கம் மாதிரி எழுதறது நியாயமா? நிலா, ராக்கெட்டெல்லாம் அப்போ நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்?
– ஓமலூர் வாசகர்

பதில்: அய்யா, கேட்டது நல்ல கேள்வி, கோவமே இல்லீங்க எனக்கு. எங்க வீட்டுலயும் அது கிடையாது, எதிர் வீட்டுலன்னு தானே எழுதியிருக்கேன். வெளிநாட்டுல யாராவது இருந்தா தான் அது கைக்கு வரும். நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடு முழுசா போனதே 2001 ஏப்ரல்ல தான். எனக்கு அண்ணன் வச்சிருந்த மெக்கானிக்ஸ்ங்கற கட்டுற பொம்மையோட தகடும் நட்டும் போல்ட்டும் தான், அதுலயும் பாதி நட்டு வழிஞ்சிருக்கும். தீப்பெட்டி, நூல்கண்டு கட்டை, அப்பா பட்டறையில வீணாப் போன தகடு இதையெல்லாம் வச்சு நானும் ஒரு விண்கலம் கட்டுனேன். எதிர் வீட்டு அம்மா அதைப் பார்த்துட்டு "உள்ள வா கண்ணு, ரெண்டையும் பக்கத்துல வச்சு விளையாடுங்க"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காக தான் நான் இன்னைக்கும் இதை நினைச்சுட்டு இருக்கேன். அவங்க அன்னைக்கு கதவை சாத்தியிருந்தா எனக்கு லெகோன்னாலே கசப்பா இருந்திருக்கும்.

1984 ஏப்ரல் 3-ம் தேதி ராகேஷ் சர்மா சோயுஸ்ங்கற சோவியத் விண்கலத்துல ஏறி விண்வெளிக்குப் போனார் இல்லீங்களா, அந்த வாரம் எங்க தெருவுல அந்த சிவப்பு ஆளுக்கு ராகேஷ்னு பேர் வச்சோம். தீப்பெட்டி விண்கலத்துலயும் அவர் தான் பைலட்.

ஆனா நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்னு கேட்டீங்க பாருங்க, அதுக்குத் தான் நான் பெருசா பதில் சொல்லப் போறேன். அந்த லெகோ வரிசையில நிலாத் தரைன்னு ஒரு சாம்பல் பலகை வரும், மெல்லிசா, நாலு பள்ளம் மேடு தள்ளிக்கிட்டு இருக்கும். அதை தொட்டு தொட்டு பார்ப்போம், நிலாவுல மண்ணு இப்படித்தான் இருக்குமான்னு. அப்போ எங்க யாருக்கும் தெரியாது, அந்த நிலா மண்ணோட சொந்தக்காரன் எங்க மாவட்டத்துலயே கிடந்தான்னு. சித்தம்பூண்டின்னு ஒரு ஊரு இருக்கு, குன்னமலைன்னு ஒரு ஊரு இருக்கு. இப்போ நாமக்கல் மாவட்டம், ஆனா நாமக்கல் தனியா பிரிஞ்சது 1997-ல தான், நாங்க விளையாடுன காலத்துல அதெல்லாம் சேலம் ஜில்லா. அந்தப் பக்கத்துல இருக்கற வெளிர் சாம்பல் பாறைக்கு அனார்த்தோசைட்னு பேரு. நிலாவுல நம்ம கண்ணுக்கு வெளுப்பாத் தெரியற மேட்டு நிலம் இருக்கு பாருங்க, அங்க இருக்கற பாறையும் இதே வகை தான்.

சந்திரயான்-2-க்கு லேண்டரும் ரோவரும் தயார் பண்ணும்போது அதை ஓட்டிப் பார்க்க நிலா மண்ணு மாதிரியே மண்ணு வேணும்னு இஸ்ரோ தேடுச்சு. வெளிநாட்டுலேர்ந்து வாங்கறதுன்னா டன் கணக்குல வேணும், செலவு எங்கயோ போயிடும். அப்போ நம்ம சேலம் பெரியார் பல்கலைக்கழக புவியமைப்பியல் துறைக்காரங்க எல்லாம் சேர்ந்து இந்தப் பாறையைக் காட்டுனாங்க. சித்தம்பூண்டி, குன்னமலை பாறையை உடைச்சு, நிலாத் தூசி அளவுக்கு அரைச்சு, பெங்களூருக்கு அனுப்பி, அதுல தான் இறங்கறதும் ஓட்டறதும் பழகிப் பார்த்தாங்க. இந்த மண்ணு செய்யற முறைக்கு 2020-ல இஸ்ரோவுக்கு பேட்டன்ட்டும் கிடைச்சுது. நான் இதை முதல்ல பேப்பர்ல படிச்சப்ப எழுந்து நின்னுட்டேன்ங்க. எதிர் வீட்டு திண்ணையில சாம்பல் பிளாஸ்டிக்கை தடவிக்கிட்டு நிலாவைப் பத்தி நினைச்ச பிள்ளைங்க நாங்க, பஸ் ஏறிப் போனா தொட்டுப் பார்க்கற தூரத்துல அதே பாறை வெயில் காய்ஞ்சுட்டு இருந்திருக்கு, அதுமேல ஆடு மேய்ஞ்சிருக்கும்.

அதனால நிலாவுக்கும் நம்ம ஊருக்கும் சம்பந்தம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. உங்க நுங்கு வண்டியும் நான் தாழ்வா நினைக்கல. வளைவுல சாயாம ஓட்டறதுக்கு குச்சியை எங்க பிடிக்கணும்னு உங்களுக்கு இன்னும் கை நினைவு இருக்கும். அதையும் எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடறேன்.

கேள்வி: 2022-ல அதே கேலக்ஸி எக்ஸ்ப்ளோரரை புதுசா விட்டாங்களாமே, எனக்கு சின்ன வயசுல கிடைக்கல, இப்போ சம்பாதிக்கறேன். வாங்கலாமா? வீட்ல "இந்த வயசுல பொம்மையா"ங்கறாங்க.
– ஜங்ஷன் பக்கத்து வாசகர்

பதில்: வாங்கலாம், கடன் வாங்காம வாங்க முடியும்னா. கம்பெனியோட 90-வது வருஷத்துக்காக ஆகஸ்ட் 2022-ல விட்டது அது, நம்பர் 10497, மொத்தம் 1254 துண்டு. பழசு மாதிரியே நீலம், சாம்பல், மஞ்சக் கண்ணாடி, ஆனா உருவம் ஒன்றரை மடங்கு பெருசு. அதாவது எட்டு வயசுக் கையில பழசு எவ்வளவு பெருசா இருந்துச்சோ, பெரியவங்க கையில இது அவ்வளவு பெருசா இருக்கும். பிடிச்சுப் பார்த்தா புரியும், நல்ல யோசனை பண்ணிருக்காங்க. அதே துண்டுகளை வச்சு பழைய வரிசையில இருந்த சின்ன விண்கலங்க ரெண்டையும் கட்டிக்கலாம். விலை தான் கையைக் கடிக்கும், பொம்மை இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துலேர்ந்து 60 ஆக்குனாங்க, 2023-ல 70 ஆச்சு. வெளிநாட்டுலேர்ந்து யாராவது வந்தா சொல்லி விடுங்க, பெட்டி பிரிச்சு கவர்களை மட்டும் கொண்டு வந்தா பையில இடம் அடைக்காது.

வீட்ல கேக்கறவங்களுக்கு பதில் சொல்லிட்டு இருக்காதீங்க, ஒரு ஞாயித்துக்கிழமை தட்டுவடை செட்டு நாலு பிளேட் பார்சல் வாங்கிட்டு வந்து எல்லாரையும் பக்கத்துல உக்கார வச்சு ஆளுக்கு ஒரு கவரை கையில கொடுங்க. எண்ணெய்க் கையோட துண்டைத் தொடாம மட்டும் பார்த்துக்கோங்க. கட்டி முடிச்சுட்டு கண்ணாடி ஷோகேஸ்ல வச்சு பூட்டிடாதீங்க, இதை நான் கெஞ்சிக் கேக்கறேன். கிடைக்காம போனது நமக்கு அதைப் பார்க்கறது இல்ல, பார்க்கத் தான் நிறையப் பார்த்தோமே, எதிர் வீட்டு ஜன்னல் வழியா. கையில வச்சு பிரிக்கறதும் திரும்பக் கட்டறதும் தான் கிடைக்கல.

கேள்வி: ஆண்ட்டி, எங்க பெரியப்பாவோட பழைய ஸ்பேஸ்ஷிப்புக்கு கதவு பின்னாடி தான் இருக்கு. ஏன் முன்னாடி வைக்கல? இன்னொண்ணு, உள்ள இருக்கற குட்டி வண்டி சரியா ஓடவே மாட்டேங்குது. நான் 5-ம் வகுப்பு.
– கொண்டலாம்பட்டி வாசகி

பதில்: கண்ணு, நீ தினமும் பைபாஸ்ல லாரி பார்ப்ப இல்ல? டிரைவர் முன்னாடி உக்காருவார், லோடு பின்னாடி ஏறும், பின்னாடியே இறங்கும். ஸ்பேஸ்ஷிப்பும் அப்படித்தான், முன்னாடி ஓட்டறவங்க உக்காரணும், வழி தெரியணும், அதனால வண்டியும் சாமானும் பின்னாடி.

2023 ஆகஸ்ட் 23-ம் தேதி சாயந்திரம் ஆறு மணிக்கு நம்ம விக்ரம் லேண்டர் நிலாவுல இறங்குச்சே, நீ அப்போ சின்னப் பாப்பா. அதுக்கும் ஒரு பக்கக் கதவு சாய்ஞ்சு சரிவுப் பாதை மாதிரி ஆச்சு, அது வழியா பிரக்யான்னு ஒரு குட்டி வண்டி மெதுவா உருண்டு வந்துச்சு. 26 கிலோ தான், ஆறு சக்கரம். உங்க பெரியப்பா அந்த பின்கதவைத் திறந்து வண்டியை இறக்கி விளையாடுனதுக்கு நாற்பது வருஷம் கழிச்சு.

வண்டி ஏன் ஓடலைன்னா, திருப்பிப் பிடிச்சு சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவுல பாரு, தலைமுடி சுத்தியிருக்கும். இழுக்காத, அச்சு உடைஞ்சுடும். சக்கரத்தை நேரா வெளிய கழட்டு, அம்மாகிட்ட ஊக்கு வாங்கி முடியை மெல்ல நெம்பி எடு, துடைச்சுட்டு திரும்ப மாட்டு. அப்புறம் ஒரு அட்டையை சரிவா வச்சு பின்கதவுலேர்ந்து விட்டுப் பாரு. எத்தனை டைல்ஸ் தாண்டிப் போச்சுன்னு எண்ணி எனக்கு எழுது, பெரியப்பாவையும் ஒரு தடவை விடச் சொல்லு, யாரோடது ரொம்ப தூரம் போச்சுன்னும் எழுது.